புவெனஸ் அயர்ஸுக்கு வலது பக்கம்

"வலது பக்கம்டா. படத்தை மடிச்சு வச்சிட்டு வா. வலது பக்கம்தான்."

செகுந்தோ சொன்னது ஓல்கரின் காதில் ஏறவில்லை. அவர் தெருவிளக்கின் கீழே நின்று காகித வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கித்தோ நகரத்து ஏற்ற இறக்கத்தை எந்தப் படமும் ஒழுங்காகச் சொல்லாது என்பது செகுந்தோவின் கட்சி. படம் பார்க்காமல் நடப்பவன் பயணியே இல்லை, வழி தவறிய ஆடு என்பது ஓல்கரின் கட்சி.

இருவருக்கும் ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இப்போது ஆளுக்கொரு முதுகுப்பை. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். கம்பளி, மழைக்கோட்டு, அடுப்பு, எட்டு டின் மீன், போதாக்குறைக்கு ஓல்கரின் நீச்சல் உடை.

டிசம்பர் முப்பத்தொன்று, இரவு பதினொன்றே கால். பன்னிரண்டு அடிப்பதற்குள் நீலக் கதவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் லிமா, கூஸ்கோ, அப்படியே புவெனஸ் அயர்ஸ். சேராவிட்டால் எல்லாம் கோவிந்தா. மறுபடி ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

"போன தடவை பிளாஸ்டிக் பையோட வந்த. எதுவரைக்கும் போனோம்?" என்றார் ஓல்கர்.

"இங்க பக்கத்துல இருக்கிற லட்டகுங்கா வரைக்கும்."

"எதுக்கு?"

"உங்க சித்தப்பா சாவுக்கு."

"அதான். பை சின்னதா இருந்தா பயணமும் அப்படித்தான் அமையும்."

வலது பக்கம் திரும்பினார்கள். திரும்பிய இடத்தில் தெருவின் குறுக்கே கயிறு. கறுப்பு கவுனும் பொய்க்கூந்தலும் மாட்டிக்கொண்ட நான்கு 'விதவைகள்', சாகப்போகும் பழைய வருஷத்துக்காக மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். நான்கு பேருக்குமே மீசை. அதில் தடியான விதவை ஓல்கரைக் கட்டிப்பிடித்து, தன்னையும் நாலு பிள்ளைகளையும் தவிக்கவிட்டு இந்த மூட்டையோடு எவளைத் தேடிப் போகிறாய் என்று கதறியது. சில்லறை கொடுக்காமல் கயிறு இறங்காது. இருவர் பையிலும் பாத்திரம் முதல் பஞ்சு வரை எல்லாம் இருந்தது, சில்லறை மட்டும் இல்லை. கடைசியில் இரண்டு டின் மீனுக்கு விதவைகள் சம்மதித்தார்கள். அந்தப் பேரத்தில் இருபது நிமிஷம் போனது.

அடுத்த திருப்பமும் வலது பக்கம்தான். அங்கே ஒரு தேவாலயப் படிக்கட்டு. மூச்சு வாங்க உட்கார்ந்தால், பக்கத்திலேயே இன்னொரு முதுகுப்பை. அதன் மேல் சாய்ந்தபடி ஆறடி உயரத்தில் ஒரு ஜெர்மன்காரன். இவர்கள் சுமையைப் பார்த்ததும் சொந்தக்காரர்களைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தான். தெரிந்த அரைகுறை ஸ்பானிய மொழியில், எவ்வளவு நாளாக இப்படிச் சுற்றுகிறீர்கள் என்று விசாரித்தான்.

ஓல்கர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, பத்தொன்பது வருஷம் என்றார்.

அவன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினான். அவன் கிளம்பி நான்கே மாதம்தான் ஆகிறதாம். அதற்குள்ளேயே அலுத்துப்போய் ஊருக்குத் திரும்ப யோசிக்கிறானாம். பத்தொன்பது வருஷம் தாக்குப்பிடித்த ரகசியம் என்ன என்று செகுந்தோவைக் கேட்டான்.

"அவசரப்படக் கூடாது தம்பி," என்றார் செகுந்தோ.

அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான். இரண்டு பேரையும் நடுவில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டான். ஓல்கர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நிமிர்ந்த வேகத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

மணி பதினொன்று ஐம்பது. மூன்றாவது முறையாக வலது பக்கம் திரும்பினால் செங்குத்தான ஏற்றம். மேலே தூரத்தில் நீலக் கதவு தெரிந்தது. பாதி ஏறியதும் ஓல்கர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போடா. ஒருத்தனாவது போய்ச் சேரட்டும். கடலைப் பார்த்தா, நான் கேட்டதாச் சொல்லு."

செகுந்தோ கதவைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தனியாக ஓடினால் இரண்டு நிமிஷம் போதும். ஓல்கரின் பையைக் கழற்றி, தன் நெஞ்சுப் பக்கம் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒரு கன்றுக்குட்டி, பின்னால் ஒரு கன்றுக்குட்டி.

"நீ இல்லாம புவெனஸ் அயர்ஸ்ல எவன்கூட வழி தெரியாம நிக்கிறது? எந்திரி. பை வாரைப் பிடிச்சுக்கோ."

ஓல்கர் வாரைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். தெருவில், பழைய வருஷம் என்று செய்துவைத்த வைக்கோல் பொம்மைகளுக்குத் தீ வைக்கத் தயாராக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பத்தடிக்கு ஒருமுறை இருவரும் நின்றார்கள், திட்டிக்கொண்டார்கள், மறுபடி ஏறினார்கள். அடுப்பைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று செகுந்தோ கேட்டதற்கு, மழை பெய்தால் காபிக்கு என்ன செய்வது என்று ஓல்கர் கோபித்துக்கொண்டார்.

தேவாலய மணியின் முதல் அடி விழும்போது செகுந்தோவின் கை நீலக் கதவில் இருந்தது. வானமெல்லாம் வாணவேடிக்கை. ஓல்கர் செகுந்தோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பினார்.

கதவு திறந்தது. வருஷம் பிறக்கும்போது தின்கிற திராட்சைத் தட்டோடு ஒரு பெண்மணி நின்றாள். இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"வருஷம் பொறக்கும்போது மூட்டையோட வீட்டைச் சுத்தி வந்தா வெளியூர் யோகம் வரும்னு ஊரே சுத்துது, எதிர்வீட்டுக்காரர்கூட காலிப் பெட்டியோட நாலே நிமிஷத்துல சுத்திட்டு வந்துட்டாரு," என்றாள் ஓல்கரின் மனைவி. "வருஷா வருஷம் இந்த நாலு தெருவுக்கே ஒரு மணி நேரம் எடுத்துக்கிறவங்க, புவெனஸ் அயர்ஸ் போய்ச் சேர்றதுக்குள்ள நான் செத்தே போயிருவேன்."