எட்டுத் துண்டுக்குப் பதினோரு அறை

ஒரு புதிய பாட்டுப்பெட்டியின் மெமரி சிப்புக்குள் இருபது அறைகள் இருந்தன. யாருக்கு எத்தனை அறை என்று பிரித்துக் கோடு போடுவது வரைபடத்தின் வேலை. போட்ட கோட்டைப் பிறகு அழிக்க முடியாது.

பெட்டியை எழுப்பும் நிரல் எட்டுத் துண்டுகளாக வரவிருந்தது. வரைபடம் அதற்குப் பதினோரு அறைகளை ஒதுக்கியது. மீதி ஒன்பதில் பாட்டுகள் நெருக்கியடித்து நின்றன.

“அக்கா, அங்கே மூணு அறை சும்மா கிடக்கப் போகுது. இங்கே எனக்குக் கால் நீட்ட இடமில்லை!” என்று கத்தியது ஒரு தாலாட்டு.

“தூங்க வைக்கிறவ நீ, இப்படிக் கத்தலாமா?” என்றது வரைபடம்.

நிரல் வந்தது. மூன்று துண்டுகள் வரிசையாக இறங்கின. நான்காம் அறை அழுதது. “என்னால எதையும் ஞாபகம் வச்சுக்க முடியலை. பிறந்ததிலிருந்தே இப்படித்தான்.”

“அழாதேம்மா,” என்றது வரைபடம். “உன் வாசல்ல ஒரு புள்ளி வைக்கிறேன். இனி யாரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க. ம், அடுத்த அறை!”

ஏழாம் அறையும் கையை விரித்தது. பாட்டுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டன. ஒரு துண்டு வெளியே நின்றாலும் பெட்டி எழாது, அவை ஒருநாளும் ஒலிக்கப் போவதில்லை. எட்டாம் அறை, ஒன்பதாம் அறை... கடைசித் துண்டு பத்தாம் அறைக்குள் இறங்கியது. பெட்டி கண் விழித்தது. ஒரே ஆரவாரம்!

தாலாட்டு கோட்டருகே ஓடிவந்தது. “நாலும் ஏழும் கெட்டிருக்கும்னு உனக்கு எப்படிக்கா முன்னாடியே தெரிஞ்சது?”

“தெரிஞ்சிருந்தா ரெண்டு போதுமே, எதுக்கு மூணு விட்டேன்?”