மைனாவுக்கு மட்டும் தாமதம்

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

வந்து உட்கார்ந்ததும் வாத்தியார் கேட்டுவிட்டார்.

அவர் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர். கணினித் திரையில் இருப்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளைக் கவனித்துக்கொள்பவள் அவள். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைத் திருத்தி அனுப்பலாம். சரிபார்த்துச் சேர்ப்பது அவள் பொறுப்பு; யாருக்கு என்ன பதில் போட்டாள் என்பதை எல்லாரும் பார்க்கலாம். சம்பளம் கிடையாது; திட்டு மட்டும் தாராளமாக வரும்.

"நிறைய தேங்கிப்போச்சு சார். நானும் ஆபீஸ் போயிட்டு வந்துதானே பாக்கணும்?"

"கதை விடாதீங்க மேடம். மலை மாதிரி கிடந்ததையெல்லாம் முடிச்சிட்டீங்க. நேத்து அனுப்பினவருக்குக்கூட ஒப்புதல் கொடுத்தாச்சு. இந்த மைனா மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முக்கால் என்று வாசிக்க வேண்டிய இடத்தில் "மூணு கோடு நாலு" என்று உளறிக்கொண்டிருந்தது மென்பொருள். அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தவர், தன் பெயரை மைனா என்று மட்டும் போட்டிருந்தார்.

"முதல்ல இடைவெளி சரியில்லைன்னு திருப்பி அனுப்பினீங்க. சரிபண்ணினாங்க. அப்புறம், வரிகள் ரொம்ப நீளம்னீங்க. அதையும் சுருக்கினாங்க. இப்ப விளக்கக் குறிப்புல காற்புள்ளி இல்லையாம்! அந்த ஆளு கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?"

"போயிடக் கூடாதுன்னுதான் சார்."

"என்னது?"

"மைனா என் தங்கச்சி."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சின்ன வயசுல அவளுக்கு வாயே ஓயாது. நான்தான் அந்தப் பேர் வச்சேன். அம்மாவை யார் வச்சுப் பாத்துக்கறதுன்னு ஆரம்பிச்சது சண்டை. இப்ப அம்மாவும் இல்லை. சண்டை மட்டும் இருக்கு. போன் பண்ணா எடுக்க மாட்டா. வீடும் மாறிட்டா, எங்கேன்னு தெரியாது."

அவள் குரல் இறங்கியது.

"திடீர்னு ஒருநாள் இது வந்துச்சு. நான்தான் இங்க பாக்கறேன்னு அவளுக்குத் தெரியும். 'தங்கள் பார்வைக்கு'ன்னு எழுதியிருந்தா. தங்களாம்! நானும் வீறாப்பா, 'இடைவெளியைச் சரிபார்க்கவும்'னு போட்டேன். மறுபடி வந்தா. ஒரு வரிதான் எழுதுவா. அந்த ஒரு வரியை நாள் பூரா படிச்சுக்கிட்டிருப்பேன். ஒப்புதல் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுது. அப்புறம் எதுக்கு சார் வரப்போறா?"

வாத்தியார் கையைப் பிசைந்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எனக்குப் புரியுது மேடம். ஆனா அடுத்த வாரம் பிள்ளைங்களுக்குப் பரீட்சை. முக்கால் எது, அரை எதுன்னு தெரியாம முழிக்குதுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் சரிதான். என் ஏக்கத்துக்கு அதுங்க என்ன செய்யும்?"

'நன்றி. சேர்த்துக்கொண்டோம்' என்று தட்டினாள். அதற்குக் கீழே என்னவோ எழுதினாள். அழித்தாள். மறுபடி எழுதி, மறுபடி அழித்துவிட்டு, ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.

மைனாவின் பெயருக்குப் பக்கத்தில் 'முடிந்தது' என்று விழுந்தது.

"ரொம்ப நன்றி மேடம்" என்று வாத்தியார் எழுந்தார். அவள் கதவு வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். மூடிவிடலாம் என்று மடிக்கணினியில் கை வைத்தபோது, புதிதாக ஒரு திருத்தம் வந்து நின்றது.

அனுப்பியவர்: மைனா.

"அதுக்குள்ள ஏன் ஒப்புதல் கொடுத்தே? இதுல முன்னைவிட நிறைய தப்பு வச்சு அனுப்பியிருக்கேன். நிதானமாப் பாருக்கா."