பேசாத வீரனின் குரல்

ஒரு வீடியோ கேமுக்குள் செங்கோடன் என்ற ஊமை வீரனும், அவனுக்கு வழி சொல்லும் காகமும் இருந்தார்கள். பஸ் ஓட்டும் சிவநேசன் வேலை முடிந்து வந்து விளையாடுவார். காகம் வாயைத் திறந்ததும் பட்டனை அழுத்தி அடக்கிவிடுவார். பிறகு செங்கோடனை ஆற்றங்கரையில் நிறுத்தி, அவனிடம் மட்டும் மெதுவாகப் பேசுவார். "இன்னிக்கும் நெஞ்சு வலிச்சுதுப்பா. வீட்டுல சொல்லல."

"நான் அவ்வளவு வழி சொல்றேன். என் பேச்சை ஒருத்தரும் கேக்கறதில்ல. உன்கிட்ட மட்டும் ஏன் எல்லாம் சொல்றாங்க?" என்று திரை அணைந்த பிறகு காகம் கேட்டது.

செங்கோடன் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன்பின் பல மாதங்கள் திரை இருண்டே கிடந்தது. ஒரு மத்தியானம் சிவநேசனின் மனைவி கோதை அதைப் போட்டாள்.

"அவர் போயிட்டாரு. உன்னோடதான் தினமும் பேசிட்டிருப்பாரு" என்றாள் செங்கோடனிடம். "என்ன சொன்னாரு?"

காகத்துக்குத் தெரியும். சொல்லத் துடித்தது. ஆனால் திரை எரியும்போது அதன் வாயில் கேமில் எழுதிவைத்த வார்த்தைதான் வரும். "பாலத்தைத் தாண்டிப் போ."

கோதை பட்டனை அழுத்தினாள். செங்கோடனின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள். பிறகு திரையை அணைத்துவிட்டாள்.

இருட்டில் செங்கோடனின் உதடுகள் முதல்முறையாகப் பிரிந்தன. கோதையின் குரல் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

காகம் பின்வாங்கியது.

அதே உதடுகள் மறுபடி அசைந்தன. இம்முறை சிவநேசனின் குரல்.

"நீ பயந்துடுவேன்னுதான் கோதை."