மரத்தடியில் ஒருவன்

கமலவேணி ஜன்னலை விட்டு நகரவில்லை. ரம்புத்தான் மரத்துக்குப் பின்னால் லுங்கி கட்டிய ஒருவன் நின்றிருந்தான். அவன் தோளில் துப்பாக்கி தொங்கியது.

"என்னங்க, அங்க பாருங்க!" என்றாள்.

எட்டிப் பார்த்த கணவர் மாணிக்கவாசகம் சட்டென்று குனிந்துகொண்டார். நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் சுதந்திரம் கிடைத்த குஷியில், காஜா பேராங்கில் இருந்த தன் வீட்டில் இடம் போதாதென்று, சொந்தபந்தங்களை எல்லாம் லேடாங் மலையடிவாரத்துக் காட்டுப் பங்களாவில் கூட்டியவர் அவர்தான். கம்யூனிஸ்டுகள் எப்போதோ ஓடிவிட்டார்கள் என்று மார்தட்டியவரும் அவரேதான்.

சிங்கப்பூரிலிருந்து அவர் ஆட்கள், ஈப்போவிலிருந்து கமலவேணியின் ஆட்கள். கல்யாணத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒன்றுகூடியிருந்தார்கள். சம்பந்தி வீட்டாருக்கு உபசாரத்தில் குறை வந்துவிடக் கூடாதே என்பதுதான் இந்த நிமிடம் வரை இருவருக்கும் இருந்த ஒரே கவலை.

"மச்சான், கொஞ்சம் இங்க வாங்க!" மாணிக்கவாசகம் உள்ளே பார்த்துக் கிசுகிசுத்தார்.

சுருட்டை முடிக்காரர் எழுந்து வந்தார். அருவிக்குப் போன எல்லார் காலிலும் ஒட்டிய அட்டைகளைச் சுண்ணாம்பு தடவி எடுத்துவிட்டவர் அவர். கமலவேணியின் மூன்று வயது மகள் சந்திரமதி இரண்டு நாளாக அவர் மடியை விட்டு இறங்கவில்லை. இப்போதும் அவர் இடுப்பில்தான் இருந்தாள்.

ஜன்னல் ஓரமாக நின்று பார்த்தவர் சட்டென்று பின்வாங்கினார்.

"ஒருத்தன் இல்ல, நாலஞ்சு பேரு. யாரும் சத்தம் போடாதீங்க."

"ஐயோ அண்ணே, என் புள்ள..." கமலவேணிக்கு அழுகை முட்டியது.

"அழுவாத தங்கச்சி. பின்பக்கம் தோட்டக்காரன் சைக்கிள் இருக்கு. நான் போய்ப் போலிஸ கூட்டியாரேன். துப்பாக்கி வெடிச்சா பெரியவங்க எங்கயாச்சும் பதுங்கிக்கலாம், பாப்பா என்னா செய்யும்? அத மட்டும் என்கூட அனுப்பு."

கமலவேணி கணவரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் மகளின் நெற்றியில் முத்தமிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு அவர்களை அனுப்பிவைத்தாள். பிள்ளையாவது தப்பித்ததே என்று கொஞ்சம் மூச்சு வந்தது.

சைக்கிள் போன சத்தம் அடங்கியதும் முன்கதவு அதிர்ந்தது. பெண்கள் அலறினார்கள். லுங்கிக்காரன் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தான். பின்னால் இன்னும் நான்கு பேர்.

"பயப்படாதீங்கம்மா, மாறுவேஷத்துல வந்த போலிஸ்" என்று அவன் அடையாள அட்டையைக் காட்டினான். "மலையிலேருந்து ஒரு கம்யூனிஸ்ட் எறங்கியிருக்கான். நம்ம தமிழன்தான், நாலு கொலை செஞ்சவன். இந்தப் பங்களாவுக்குள்ள பூந்ததா தகவல்."

கட்டிலுக்கு அடியில், விறகுக் கொட்டகையில், கூரை மேல் எல்லாம் தேடினார்கள். யாரும் இல்லை.

"இப்ப கொழந்தையோட ஒருத்தரு சைக்கிள்ல போனாரே?" என்றார் லுங்கி கட்டிய போலிஸ்காரர். "புள்ள அவரு கழுத்தக் கட்டிக்கிட்டு சிரிச்சிச்சு. சரி, குடும்பத்து ஆளுன்னு எங்க ஆளு விட்டுட்டான்."

"ஆமாங்கய்யா, உங்களப் பாத்துப் பயந்து நாங்கதான் அனுப்பிவெச்சோம்." கமலவேணிக்கு உயிர் திரும்பியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெருமையாகவே சொன்னாள். "அவரு வேற யாரும் இல்ல, எங்க வீட்டுக்காரரோட அத்த மவன். சிங்கப்பூர்லேருந்து வந்திருக்காரு."

மாணிக்கவாசகம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என் அத்த மவனா? உன் பெரியப்பா மவன்னுல்ல நான் நெனச்சிக்கிட்டிருந்தேன்!"