இழுவைப் படுதா

பேச்சிமுத்து மின்சாரக் கம்பெனிக்குத் தரவேண்டிய கடன் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அந்தக் கடனில் வாங்கிய ஃப்ளோரின் கலந்த பிளாஸ்டிக் படுதாவை அவனும் மனைவி செண்பகவல்லியும் ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தால், உள்ளே தாறுமாறாய்க் கிடக்கும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒரே முகமாய்த் திரும்பி அடுக்கிக்கொண்டு மின்சாரம் சுரக்கும். கம்பெனிக்குப் போகும் அந்த மின்சாரம்தான் தவணை. இன்று சாயங்காலத்துக்குள் கடன் அடையாவிட்டால் வீட்டுக்குப் பூட்டு.

ஆனால் ஒருவர் முகம் சுளித்தால், வலிக்கிறதோ என்று மற்றவர் பிடியைத் தளர்த்திவிடுவார். மீட்டர் அசையவே இல்லை.

வசூலுக்கு வந்த ஜெபராஜ் பொறுத்துப் பார்த்தான்.

"யக்கா, ஒங்க கம்மல் தொலையல. அண்ணன் வித்து மாசம் பூரா புரோட்டா தின்னாரு. கூட நானும்தான்."

"அடப்பாவி மனுசா! கட்டிலுக்கு அடியில என்னயத் தேட விட்டீரே!"

அவள் இழுத்த இழுப்பில் பேச்சிமுத்து கதவு நிலையில் காலை ஊன்றிக்கொண்டான். தெருவிளக்கெல்லாம் பட்டப்பகலில் எரிந்தது.

"கடன் முடிஞ்சுது. படுதாவ மடிச்சு வைங்க, கசங்குனா சங்கிலி கலைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு ஜெபராஜ் நழுவினான்.

மடிக்க இருவரும் எதிரெதிரே நடந்து வரவேண்டியிருந்தது. முனையோடு முனை சேர்ந்ததும் செண்பகவல்லி அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள்.

"கம்மல் கணக்கு இத்தோட தீந்துது."