பன்னிரண்டு கிராம் மக்னீசியம்

"ஒரே ஒரு கேள்வி தம்பி. பன்னிரண்டு கிராம் மக்னீசியத்தை முழுசா எரிச்சா, எத்தனை கிராம் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும்?"

பெண் பார்க்க வந்த இன்ஜினீயர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

கேள்வி கேட்டவர் பெண்ணின் அப்பா, கெமிஸ்ட்ரி வாத்தியார். அவருடைய அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கொண்டுவந்த வரன்களையெல்லாம் தம்பி இந்தக் கேள்வியால்தான் விரட்டிக்கொண்டிருந்தார். பேங்க் மேனேஜர் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். போன் பேசிவிட்டு வருகிறேன் என்று வாசலுக்குப் போன டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

இன்ஜினீயர் அசரவில்லை.

"இருபத்து நாலு கிராம் எரிஞ்சா, பதினாறு கிராம் ஆக்சிஜன் சேர்ந்து நாற்பது சார். பன்னிரண்டுக்கு அதுல பாதி. இருபது கிராம்."

அக்கா கை தட்டவே போய்விட்டாள்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "தப்பு."

"சார், இருபதுதான் சார்!"

"தப்புன்னா தப்பு. போயிட்டு வாங்க."

கதவைச் சாத்தியதும் அக்கா பொரிந்தாள். "எவ்வளவு தெளிவாச் சொன்னான்! உன் கணக்குக்கு மாப்பிள்ளை தேடினா இவ கிழவியாத்தான் போவா. நீயெல்லாம் ஒரு அப்பனாடா?"

"அடிப்படை தெரியாதவனுக்குப் பொண்ணு கிடையாதுக்கா."

மகள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறு வாரம், அவள் வேலை பார்க்கும் பள்ளியின் டிராயிங் மாஸ்டர் தானாகவே வந்து பெண் கேட்டார்.

"ஐயோ பாவம்" என்று அக்கா சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அதே கேள்வி.

டிராயிங் மாஸ்டர் கூரையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். விரல் போதவில்லை.

"ஒரு... ரெண்டு கிலோ வருமா சார்?"

வாத்தியார் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடினார். எதையோ விழுங்கினார்.

"சரியான விடை!"

"டேய், பன்னிரண்டு கிராம் எப்படிடா ரெண்டு கிலோ ஆகும்?"

"அது கெமிஸ்ட்ரிக்கா. உனக்குப் புரியாது. கல்யாணத்துக்குத் தேதியைப் பாரு."

கதவுக்குப் பின்னால் மகள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் அவள் காதருகே குனிந்தார்.

"உன் ஆளுக்கு வந்து கேட்கிற தைரியம் வர்றதுக்குள்ள எத்தனை பேரைத்தாம்மா ஃபெயிலாக்கறது? அதுல ஒருத்தன் சரியா வேற சொல்லித் தொலைச்சிட்டான்!"