அரண்மனைப் பிள்ளைக்கு ஒரு பெயர்

“இது அரண்மனைப் புள்ள ஐயா. அதுக்குண்டான பேரைக் குடுங்க” என்றாள் போடில், கைக்குழந்தையை மேசைமேல் கிடத்தாத குறையாக நீட்டி.

எழுத்தர் மௌரிட்ஸுக்குத் தலை வெடித்தது. ஆமாகர் தீவிலிருந்து அரண்மனைச் சமையலுக்கு முட்டைக்கோஸ் கொண்டுவரும் இந்தப் பெண், மூன்று வாரமாக இதே பாட்டைப் பாடுகிறாள்.

ராஜாவுக்கு மணவாழ்க்கைக்கு வெளியே பிறக்கும் பிள்ளைகளுக்கு கில்டன்லோவ, அதாவது தங்கச் சிங்கம் என்று குடும்பப் பெயர் கொடுப்பது வழக்கம். ஐந்து சிங்கங்களை மௌரிட்ஸே பதிவேட்டில் ஏற்றியிருந்தார். விஷயம் ஊருக்குத் தெரிந்ததிலிருந்து, காலையில் கதவைத் திறந்தால் யாராவது ஒருத்தி குட்டியோடு நிற்கிறாள்.

“ஏம்மா, தங்கச் சிங்கம் என்ன உன் முட்டைக்கோஸா, கேட்டதும் தூக்கிக் குடுக்க?”

“பேர் இல்லாம ஞானஸ்நானம் தர மாட்டேன்னு பாதிரியார் சொல்லிட்டாருங்க. சந்தையில என்னைப் பார்த்துக் காறித் துப்பறாங்க. நான் என்ன பண்ணட்டும்?”

குழந்தை வீறிட்டது. போடில் இடுப்பில் தொங்கிய மாட்டுக்கொம்புப் புட்டியை எடுத்து, அதிலிருந்த ஆட்டுப்பாலைக் குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். மௌரிட்ஸின் மதியச் சாப்பாடு மேசை ஓரத்தில் ஆறிக் கிடந்தது.

“நேத்து ராஜாகிட்டயே கேட்டுட்டேன்” என்றார் பல்லைக் கடித்தபடி. “மத்த அஞ்சையும் மறுக்காதவர், உன்னைப் பார்த்ததே இல்லேன்னு பைபிள் மேல கை வெச்சுச் சொல்றார்.”

“நெசந்தாங்க.”

“என்னது?”

“ராஜா சொல்றது நெசந்தான். அவர் என்னைப் பார்த்ததே இல்ல.”

மௌரிட்ஸ் இறகுப் பேனாவை வீசியெறிந்தார். “அப்புறம் எதுக்கு என் உசிரை வாங்கற? ராஜா பேரைச் சொல்லி ஏமாத்தினா சவுக்கடி, தெரியுமில்ல? புள்ளையை அநாதை விடுதியில தள்ளிடுவாங்க. யாரங்கே, காவல்!”

வெளியே காலடிச் சத்தம் கேட்டதும் போடிலின் முகம் வெளுத்தது. குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்…” மேசையின் குறுக்கே குனிந்து, அவர் காதில் மட்டும் விழும்படி கேட்டாள்.

“ராணி பெத்த புள்ளைக்கு என்ன பேரு வைப்பீங்க, ஐயா?”